நான் தெளிக்காத தண்ணீர்

அனல்மின் நிலையத்தில் எங்கள் பிரிவில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் சர்மிளா போன மாதம் வடக்குத்து ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. காப்பி வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டினார். சிலிக்கான் ரப்பர் துண்டு ஒன்றின் மேல் ஒரு துளித் தண்ணீர் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜ் கொடுக்கிறார்கள். உருண்டை நடுங்குகிறது, நீள்கிறது, பக்கத்தில் இருக்கும் துளியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் இரண்டும் மெல்லிய ஏடாகப் பரவிப் படிந்துவிடுகின்றன.

"சார், இதத்தான நீங்க அப்பவே கண்டுபிடிச்சீங்க? லைவ் பக்கத்துலதான் மொதல்ல தண்ணி பரவும்னு. இனிமே கேமரா வச்சுப் பாக்கப் போறோம், ஏணி ஏற வேண்டாம். அதுக்கு முன்னாடி பழைய ஸ்ப்ரே டெஸ்ட் பத்தி செக்‌ஷன் ஃபைலுக்கு நீங்க ஒண்ணு எழுதித் தரணும். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கண்டிப்பா எழுதுங்க சார்."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவை எழுதுவது இது. சர்மிளா கேட்டது இது இல்லை. ஃபைலில் வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம்.

கண்டுபிடித்தது நான் இல்லை. கண்டுபிடித்தவரின் வேலை போவதற்குக் காரணமாக இருந்தவன்தான் நான்.

ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்து, வொயர்மேனாகி, ஷிப்டுகளில் தூக்கம் கெட்டு, கடைசியில் சுவிட்ச்யார்டு பராமரிப்பில் ஃபோர்மேன் ஆனேன். அதுவரைக்கும் சொல்லும்படியாக எதுவும் இல்லை. எல்லோரையும் போலத்தான் வந்தேன்.

சுவிட்ச்யார்டு என்பது அனல்மின் நிலையத்தில் தயாராகும் மின்சாரம் வெளியே போகும் வாசல். ஜல்லி பரப்பிய பெரிய மைதானம். அதில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக வரிசை வரிசையாக இன்சுலேட்டர்த் தூண்கள் நிற்கும். தூணின் தலையில் மின்சாரம் ஓடும், அதுதான் லைவ் பக்கம்; கால் பூமியில் இருக்கும். நடுவில் அடுக்கடுக்காகத் தட்டுகள். எங்கள் ஊர்க் காற்றில் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் எப்போதும் உண்டு. அது தட்டில் படியும், பனியில் நனையும், நனைந்தால் அதன் வழியாகவே மின்சாரம் தரைக்கு இறங்கப் பார்க்கும். இதைத் தடுக்கத்தான் சிலிக்கான் ரப்பர் தட்டு வந்தது. அதில் தண்ணீர் ஒட்டாது, சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். உருண்டை உருண்டையாக நிற்கும் வரைக்கும் பயமில்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் காய்ந்த இடம் இருக்கும். பரவி ஏடாகிவிட்டால் தூணின் தலையிலிருந்து கால்வரை வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

இதைச் சோதிப்பதுதான் ஸ்ப்ரே டெஸ்ட். முடிதிருத்தும் கடையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பாட்டில். லைனை நிறுத்தி, வேலை செய்ய பெர்மிட் வாங்கி, மிச்சமிருக்கும் மின்சாரம் பூமிக்கு இறங்க எர்த் ராடு மாட்டி, ஏணி சாத்தி ஏறவேண்டும். தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாட்டிலைப் பிடித்து, விநாடிக்கு ஒரு தடவை வீதம் அரை நிமிடம் தெளிக்கவேண்டும். நிறுத்தியதும் உடனே பார்த்து மதிப்பெண் போடவேண்டும். தனித்தனி உருண்டையாக நின்றால் ஒன்று. பாதி நின்று பாதி வழிந்தால் நான்கு. தட்டு முழுக்கத் தண்ணீர் பரவியிருந்தால் ஏழு. மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு என்று ஒவ்வொரு தூணுக்கும் மூன்று மதிப்பெண்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் செயற்பொறியாளர் அந்தோணிசாமி சார். கடலூர்க்காரர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. முதல் நாள் அவரே ஷூவைக் கழற்றி ஏணிக் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, சட்டையை டக்-இன் செய்தபடியே மேலே ஏறினார். "ஒண்ணு... ரெண்டு..." என்று சத்தமாக எண்ணிக்கொண்டு தெளித்தார். எண்ணிக்கை தப்பினால் தட்டைக் காயவிட்டு மறுபடி முதலிலிருந்து. கீழே இறங்கி ஷூவைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இதுல மெஷின் எதுவும் இல்லப்பா. நம்ம கண்ணுதான் மெஷின். அது பாத்ததத்தான் கை எழுதணும்."

மாதக் கடைசியில் பதிவேடு அவர் மேசைக்குப் போகும். அடிக்கோலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்துப் படிப்பார். படித்து முடித்து நிமிர்ந்து, "எல்லாம் பாத்து எழுதினதுதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆமாம் என்றால் கையெழுத்து. அதற்குமேல் கிளற மாட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு நான் பல வருடம் பொய் சொன்னேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். பெர்மிட் கிடைப்பது இரண்டு மணி நேரம். தூண்களோ ஏராளம். மேல் தட்டுக்குப் போகவேண்டுமானால் ஸ்டோருக்குப் பக்கத்தில் கிடக்கும் பெரிய ஏணியை நாலு பேர் தூக்கி வரவேண்டும். சின்ன ஏணி கையோடு இருக்கும், அதில் ஏறினால் கீழ்த் தட்டு எட்டும், கொஞ்சம் எக்கினால் நடுத் தட்டு. எங்கள் ஆட்கள் அதற்கு "எட்டுற தட்டு" என்றே பேர் வைத்திருந்தார்கள். எட்டுற தட்டில் தெளிப்போம், ஒன்று வரும். கீழே ஒன்று என்றால் மேலேயும் ஒன்றுதானே இருக்கப்போகிறது, ஒரே கம்பெனிச் சரக்கு, ஒரே நாளில் நட்டது! அப்படி நினைத்துக்கொண்டு மேல் தட்டுக்கும் ஒன்று போட்டேன். முதல் தடவை கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. முழங்கால் வலி என்று இப்போது ஒரு காரணம் சொல்லலாம். அப்போது எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

அஞ்சலை சுவிட்ச்யார்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஜல்லிக்கு நடுவில் முளைக்கும் புல்லைப் பிடுங்குவார். பூமிக்குள் கம்பி புதைத்திருக்கும் எர்த் பிட்டுகள் காயாமல் இருக்க, விடிந்ததும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ஊற்றுவார். வடக்குத்துக்காரர். அவர் வீட்டு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தது. நிலம் கொடுத்தவர்களில் காண்ட்ராக்டில் இருப்பவர்களை வருடக் கணக்குப் பார்த்துப் பர்மனென்ட் ஆக்க ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர் பெயர் மேலே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் கேட் பாஸ் கையில் இருந்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்வார். அன்றைக்கு அவரை நான் "நீ", "வா", "போ" என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது "அவர்" என்று தானாக வருகிறது. இவ்வளவு சுலபமாக வருகிற மரியாதை அன்றைக்கு ஏன் வரவில்லை என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஒரு மார்கழி மாதம். காலை ஷிப்டுக்கு வந்து பதிவேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை குடத்தை இடுப்பில் வைத்தபடி அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த மூணாவது வரிசைத் தூணுல, கீழ்த் தட்டுல எல்லாம் பனித்தண்ணி முத்து முத்தா நிக்குதுங்க. மேல்த் தட்டுல மட்டும் நிக்க மாட்டேங்குது. தடவி வுட்டாப்புல பரவிக்கினு போவுது. சொர்ருனு சத்தம் வேற வருது. இன்னிக்கி மட்டும் இல்லீங்க, நாலு நாளா பாத்துக்கினு இருக்கேன்."

"நீ புல்லப் பிடுங்குறியா, மேல பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

"குனிஞ்சி ஊத்திட்டு நிமுந்தா கண்ணுல படுதுங்களே."

"பனியில சத்தம் வரத்தான் செய்யும். அதெல்லாம் டெஸ்ட் பண்ணி எழுதியாச்சு. போ, போய் வேலையப் பாரு."

பக்கத்தில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். "அஞ்சலைய இன்ஜினியர் ஆக்கிடலாம் சார்" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். அவரும் சங்கடத்தோடு சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் விடிகாலை அந்தத் தூண் வெடித்தது. வெடித்தது என்றால், தலையிலிருந்து கால்வரை தட்டுகளின் மேலாகவே மின்சாரம் பாய்ந்து இறங்கியது. சத்தம் பக்கத்து பிளாக் குவார்ட்டர்ஸ்வரை கேட்டது. மின் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றுபோனது. அஞ்சலை அப்போது பத்தடி தள்ளி ஒரு எர்த் பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட் அருகில் விழுந்தார். காயம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் காது சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் குடம் உருண்டு போய்த் தூணின் காலடியில் கிடந்தது. சுற்றிலும் ஜல்லி ஈரம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். குடத்தைப் பார்த்தார்கள், ஈரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என் பதிவேட்டைக் கேட்டார்கள். மூன்றாவது வரிசை, மேல் தட்டு ஒன்று, நடுத் தட்டு ஒன்று, கீழ்த் தட்டு ஒன்று. கையெழுத்து என்னுடையது. தட்டுகள் எல்லாம் புதிது போல இருந்திருக்கின்றன என்றால் வெடித்ததற்கு வேறு காரணம் வேண்டும். காரணம் காலடியிலேயே கிடந்தது.

அந்தோணிசாமி சார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேடு மேசையில் திறந்திருந்தது. அந்த வரிக்குக் கீழே அடிக்கோல்.

"கீழ நின்னு ஒரு அம்மா ஊத்துற தண்ணி அவ்வளவு உயரத்துக்குப் போகுமா?"

"தூக்கி எறிஞ்சிருந்தா போகும் சார்."

"ஏன் தூக்கி எறியணும்?"

"தெரியல சார்."

அடிக்கோலால் அந்த வரியைத் தட்டினார். பிறகு, "மேல் தட்டுல ஸ்ப்ரே பண்ணினீங்களா?" என்றார்.

"பண்ணினேன் சார்."

"நீங்களே ஏறினீங்க?"

"ஆமா சார்."

"தண்ணி நின்னுதா?"

"நின்னுது சார். முத்து முத்தா நின்னுது."

முத்து முத்தாக என்ற வார்த்தை என்னுடையது இல்லை. அது அஞ்சலை கீழ்த் தட்டைப் பற்றிச் சொன்னது. அவர் கண்ணால் பார்த்துச் சொன்ன வார்த்தையை எடுத்து, நான் பார்க்காத தட்டுக்குச் சாட்சியாக்கி, அவருக்கு எதிராகவே பேசிவிட்டு நின்றேன். வெடிப்பதற்கு முன்பே அவர் வந்து சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னோடு சிரித்தவர்களும் விடவில்லை. ஃபோர்மேன் பேசாதபோது அவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

சார் தலையை ஆட்டினார். "நீங்க பாத்தேன்னு சொன்னா, நான் பாத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். என்னை அவர் நம்பினார். நம்பாமல் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதுவும் என் தப்பை அவர் தலையில் கட்டுகிற யோசனைதான்.

காண்ட்ராக்டர் அந்த வாரமே அஞ்சலையின் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பாஸ் போனதும் பட்டியலில் பெயரும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வெளிக்கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சார், தண்ணிய நான் பிட்டுலதாங்க ஊத்தினேன். தெளிச்ச ஞாபகமே இல்லீங்க. நான் முன்னாலயே வந்து உங்ககிட்ட சொன்னேன் இல்லீங்களா, அத மட்டும் ஒரு வார்த்த அந்த பெரிய சாருகிட்ட சொல்லுங்க."

"விசாரணை முடிஞ்சு போச்சும்மா. டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. தண்ணி பட்டுதான் வெடிச்சிருக்கு. பதட்டத்துல உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்படிங்களா" என்றார். "டெஸ்ட்டு பண்ணினவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அடுத்த ஷட்டவுனில் யாரும் சொல்லாமலே பெரிய ஏணியைத் தூக்கி வரச் சொன்னேன். வெயிலில் காய்ந்தால் ரப்பருக்குத் தண்ணீரை உருட்டும் குணம் கொஞ்சம் திரும்பிவிடும் என்பதால், வழக்கம் போல வெயில் ஏறும்வரை காத்திருக்கவில்லை. லைன் நின்று எர்த் ராடு மாட்டியதும் அதே வரிசையில் அடுத்த தூணில் ஏறினேன். கீழ்த் தட்டில் தெளித்தேன், முத்து. நடுத் தட்டில் தெளித்தேன், முத்து, சில இடத்தில் சற்றே சப்பை. மேல் தட்டில் பத்து எண்ணுவதற்குள் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, தோசைக்கல்லில் தேய்த்த எண்ணெய் போலத் தட்டு முழுக்கப் பரவிவிட்டது. வோல்டேஜ் தலைப் பக்கத்தில்தான் அதிகம் இழுக்கும். அந்த இழுப்பிலேயே நாள்தோறும் நனைந்து, பொறி பட்டு, மேல் தட்டு தண்ணீரை உருட்டும் குணத்தை இழந்திருந்தது. கால் பக்கம் அந்த இழுப்பு இல்லை, அதனால் எட்டுற தட்டு எப்போதும் நன்றாகவே இருந்தது. நாங்கள் பல வருடமாகக் கெட்டுப்போகாத இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சலை சொன்னது அப்படியே, வார்த்தை மாறாமல் என் கண் முன்னால் இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் மேல் தட்டுக்கு ஏழு என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்தோணிசாமி சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேல மட்டும் போகுதா? எப்படிப்பா தோணிச்சு உங்களுக்கு?"

"ஒரு சந்தேகம் சார், பெரிய ஏணி போட்டுப் பாத்தேன்."

"அப்போ வெடிச்ச தூண்ல?"

"அது நல்லாத்தான் சார் இருந்துச்சு. அந்தத் தூண் கேஸ் வேற."

அவர் அடிக்கோலைப் பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரிந்திருந்தால் அவரும் பேசாமல் இருந்துவிட்டார் என்று ஆகிறது. அப்படி நினைத்து என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு இஷ்டம் இல்லை.

மேல் தட்டுகளை எல்லாம் மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த யார்டில் ஒரு தூண்கூட வெடிக்கவில்லை. விழாவில் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். "லைவ் பக்கத்தை முதலில் பார்" என்பது எங்கள் பிரிவில் என் பெயரோடு சேர்ந்துவிட்டது. பணி ஓய்வு விழாவிலும் அதைத்தான் பேசினார்கள். நான் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு வடக்குத்தில் வீடு கட்டினேன். அஞ்சலையின் வீடு ஊரின் பழைய பக்கத்தில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மூன்று வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில்தான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டதற்கு நடைப்பயிற்சி என்றேன்.

சர்மிளா வந்து போன பத்தாம் நாள் அந்தத் தெருவுக்குள் போனேன். சாயங்கால நேரம். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரியிடம் கூலிக்கு வாங்கி வந்து உடைப்பது. கொட்டைப் பால் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. தலை நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தார்.

"சாரா? வாங்க. வூடு கட்டிக்கினு வந்தீங்கன்னு சொன்னாங்க."

நின்றபடியே சொன்னேன். மேல் தட்டில் நான் தெளிக்கவே இல்லை, ஏணியே ஏறவில்லை, பதிவேட்டில் பொய் எழுதினேன், அந்தோணிசாமி சார் கேட்டபோதும் பொய் சொன்னேன். நீங்கள் பார்த்தது நிஜம், தூண் வெடித்ததற்கு அதுதான் காரணம், உங்கள் குடத்துத் தண்ணீர் இல்லை.

அவர் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் தெளிக்கலியாங்க?"

"இல்லம்மா."

"ஒரு சொட்டுகூட?"

"பட்டிருந்தாலும் அதனால வெடிக்கல."

"நான் தெளிச்சிட்டேன்னுதான் இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேங்க. படிச்சவங்க எல்லாரும் சொல்றாங்களே, எனக்குத்தான் புத்தி தடுமாறிப் போச்சுன்னு. அன்னிக்கி பக்கத்துல வேற யாருனா நின்னிருந்தா என்னாலதான செத்திருப்பாங்கன்னு எத்தினியோ நாளு தூக்கமே வராது. வேல போனதுகூடப் போவட்டுங்க. மேல்த் தட்டுல தண்ணி பரவினத என் கண்ணால பாத்தேன். அதக்கூட நம்பாமப் போயிட்டேனே."

இதை எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போட்டு ஆபீஸ் ஃபைலில் வைக்கச் சொல்லப் போகிறேன், விசாரணை தப்பு என்று கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். வயது தாண்டிவிட்டது, பர்மனென்ட் இனிமேல் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எழுதறது எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் கணவர் வெளியே வந்தார். பின்னாலேயே மருமகள், இடுப்பில் குழந்தையோடு. "கையில வந்த வேலைய தண்ணியில கரைச்சவள்னு இந்த வூட்ல எனக்குப் பேருங்க. இவரு கோவம் வந்தாப் போதும், அதத்தான் எடுப்பாரு. இவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். "உங்க வீட்டுக்காரம்மா மேல எந்தத் தப்பும் இல்லங்க. அவங்க சரியாப் பாத்து, முன்னாடியே வந்து சொன்னாங்க. நான்தான் பாக்காம எழுதினேன். என் பொய்யாலதான் அவங்க வேலை போச்சு." அந்த மனிதர் என்னையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் முந்திரி உடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை அவர்களையும் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றார். "கொஞ்சம் சத்தமா. தெருவுக்குக் கேக்கட்டும்."

இரண்டாவது தடவை உரக்கச் சொன்னேன்.